இரவுக்குறி

தலைமையாசிரியர் முன்பே சொல்லிவிட்டார்:
"காதல்னு சொல்லாதீங்க டீச்சர்,
அன்புன்னு சொல்லி முடிச்சிருங்க."

சேரம்பாடிக்கு மேலே
மூன்றாம் டிவிஷன் பள்ளிக்கூடம்.
ஆடி மழை தகரத்தில் இறங்கும்போது
அன்பு என்று சொன்னாலும்
மூன்றாவது பெஞ்சுக்குக் கேட்காது.
கத்தினேன்.

பாட்டு எட்டே அடி.
இரவில் வருகிறான் ஒருவன்.
காந்தள் பூத்த சரிவு, வழுக்கும் பாறை,
களிறு நடமாடும் ஒற்றையடிப் பாதை.
வரவேண்டாம் என்று சொல்லிவிடு,
தோழியிடம் சொல்கிறாள்.
சொன்னபடி வராமல் இருந்துவிட்டால்
என்ற பயமும் இருக்கிறது அவளுக்கு.

எனக்கு ஊர் உடன்குடிப் பக்கம்.
தேரிக்காட்டுச் செம்மணலில் உட்கார்ந்து
மலையும் மலை சார்ந்த இடமும் என்று எழுதி
இரண்டு மதிப்பெண் வாங்கியவள்.
யானையை முதலில் பார்த்தது கோயில் வாசலில்,
பத்து ரூபாய்க்கு.
அருஞ்சொற்பொருள் எழுதிப் போட்டேன்:
களிறு - ஆண் யானை.

"கொம்பு வச்சதா, மக்னாவா டீச்சர்?"
பிபின் கேட்டான்.
என் பாடக்குறிப்பில் அது இல்லை.

அதற்குப் பிறகு வகுப்பு என் கையில் இல்லை.
ஒற்றையா கூட்டமா?
ஒற்றை என்றால் மோசம்.
அவன்கிட்ட டார்ச் இருந்துச்சா?
ஃபாரஸ்ட்காரங்க மெசேஜ் போடலையா?
பலா பழுத்த மாசமா?
அப்படின்னா லயத்துக்குப் பின்னாலயே நிக்குமே டீச்சர்,
இவன் எதுக்கு அந்தப் பக்கமா வர்றான்,
லூசா?

மழை கொஞ்சம் ஓய்ந்தது.
பணியர் பாடியிலிருந்து வரும் விஜில்
வருகைப்பதிவுக்கும் கையைத்தான் தூக்குவான்.
எழுந்து நின்றான்.
"அவன் வழியில ஆனை வரலை டீச்சர்.
ஆனை வழியில அவன் வர்றான்."
உட்கார்ந்துவிட்டான்.

இந்தப் பாட்டுக்கு நான் மூன்று உரை படித்திருக்கிறேன்.
மூன்றையும் எழுதியவர்கள்
பாதையை அவனுக்கே கொடுத்திருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை தேர்வு.
ஆறாவது வினா: தலைவி ஏன் உறங்கவில்லை?
விடைக்குறிப்பில் ஒரே வரி:
தலைவன் வரும் வழியின் ஏதம் அஞ்சியதால்.
பத்தொன்பது பேர் அதையே எழுதியிருந்தார்கள்.
ஏதத்தை வேதம் என்று எழுதியவர்கள் நான்கு.
நிரோஷினி மட்டும்
கோடு போட்ட இடம் போதாமல்
தாளின் ஓரத்தில் ஏறியிருந்தாள்:

"அப்பாவுக்கு ஃபேக்டரியில ரெண்டாவது ஷிப்ட்.
பத்தே முக்காலுக்கு சங்கு ஊதும்.
அப்புறம் நடந்து வரணும்.
அம்மா லைட்டு போடாம வாசல்ல நிக்கும்.
நான் தூங்குற மாதிரி படுத்திருப்பேன்.
சங்குக்கும் செருப்பு சத்தத்துக்கும் நடுவுல
இருபது நிமிசம்.
அப்பா வந்த ஒடனே அம்மா ரொம்பத் திட்டும்.
தலைவியும் திட்டுவா."

சந்திப்பிழை, பேச்சு வழக்கு,
தலைவனைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.
இரண்டுக்கு இரண்டு போட்டேன்.

அன்றிரவு பஜாருக்குப் பின்னால் என் வாடகை அறையில்
பத்தே முக்காலுக்குச் சங்கு ஊதியது.
ஆறு மாதமாக ஊதிக்கொண்டுதான் இருந்திருக்கிறது.
போர்வையை இழுத்துக்கொண்டு
எண்ண ஆரம்பித்தேன்.
எங்கேயோ தள்ளிப் பட்டாசு வெடித்தது.
பதினாலாவது நிமிடம்.

திங்கட்கிழமை அடுத்த பாட்டு.
பாலை.
பொருள் தேடிப் போகிறவன்,
அவன் போன திசையைப் பார்த்து நிற்கிறவள்.
அப்பா தம்மாமில் இருந்த ஒன்பது வருடம்
எங்கள் வீட்டுச் சுவரில் இரண்டு கடிகாரம் ஓடியது.
ஒன்றுக்கு மட்டும் அம்மா பேட்டரி மாற்றுவாள்,
அங்கத்திய நேரம் காட்டும் ஒன்றுக்கு.

பாடக்குறிப்பேட்டில்
தேதி மட்டும் எழுதி வைத்திருக்கிறேன்.